கணினியில் குவிந்து கிடக்கும் கோடெக்குகள்

ஒரு வீடியோவை யாதொரு சுருக்கமும் செய்யாமல் உள்ளது உள்ளபடியே கணினியில் சேமித்து வைப்பதானால், 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு பிரேமுக்கு, புள்ளிக்கு 3 பைட் வீதம், சுமார் 62 லட்சம் பைட் இடம் வேண்டும். விநாடிக்கு 25 பிரேம்கள் ஓடுகிறபடியால், 4.7 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு டிவிடி அரை நிமிஷத்திலேயே நிரம்பிவிடும். இந்தப் பிரம்மாண்டமான பாரத்தைக் கணித சாஸ்திரத்தின் துணைகொண்டு பன்மடங்கு குறைத்து எழுதுவதும், நாம் பார்க்க விரும்பும் தருணத்தில் மீண்டும் விரித்துத் திரையில் காட்டுவதும் ஆகிய இரண்டு காரியங்களைச் செய்கின்ற சிறு மென்பொருளுக்கே கோடெக் என்று பெயர்.

இத்தனை உபகாரமான சாதனம் உபத்திரவமாக மாறிய விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அக்காலத்தில் பிரசித்தமாயிருந்த டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முதலிய முறைகளைத் தானாக அறிந்திருக்கவில்லை. ஆகவே, ஒரு படம் ஓடவில்லையென்றால் பல கோடெக்குகளை ஒன்றாகக் கட்டிய ஒரு கோடெக் பேக், அதிலும் ஓடவில்லையென்றால் மற்றொன்று என்று மேலுக்கு மேல் நிறுவுவது சர்வசாதாரண வழக்கமாயிற்று. அந்த அவசியம் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்ட போதிலும், அந்த வழக்கம் நீங்கவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் என்ன நேர்கிறது? டைரக்ட்ஷோ என்னும் விண்டோஸ் ஏற்பாட்டில் ஒவ்வொரு கோடெக்கும் தனக்கு ‘மெரிட்’ என்று ஓர் எண்ணை விண்டோஸின் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியில் பதிந்து கொள்கிறது. எந்தக் கோடெக்கின் எண் உயர்ந்ததோ அதையே கணினி முதலில் அழைக்கும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை தமக்கே உரியதென்று பலர் முன்வந்து நிற்பதுபோல, ஒவ்வொரு பேக்கும் தன்னுடைய எண்ணை உயர்த்திப் பதிந்து கொண்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கோடெக் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பழுதானது ஒன்று முன்னே வந்துவிடுகிறது. படம் ஓடும், சத்தம் வராது. சத்தம் வரும், உதடசைவோடு பொருந்தாது. சில சமயம் படத்தை ஓட்டவே வேண்டியதில்லை. கல்யாண வீடியோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்தில், அவற்றின் சிறு உருவங்களைக் காட்டும் பொருட்டு விண்டோஸ் அந்தக் கோடெக்கை அழைக்க, ‘காம் சரகேட்’ என்னும் விண்டோஸ் மென்பொருள் நின்றுபோய்விட்டது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். வீடியோ கெட்டுவிட்டதென்று பயந்து அதை அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அது வீணான நஷ்டம்.

சுத்தம் செய்யப் புகுமுன் முதலில், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உண்டாக்கிக் கொள்வது அத்தியாவசியம். பிறகு கண்ட்ரோல் பேனலுக்குப் போய், கோடெக் பேக் என்ற பெயருள்ளவற்றை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் அழிப்பது விபரீதமான காரியம். கோப்பு போய்விடும், ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு மாத்திரம் நிலைத்து நிற்க, இல்லாத ஒன்றைக் கணினி ஓயாமல் தேடும். எஞ்சியிருப்பவை எவை என்று அறிய, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால், மல்டிமீடியா என்ற பிரிவின் கீழ் ஆடியோ கோடெக்குகளும் வீடியோ கோடெக்குகளும் தயாரிப்பாளர் பெயரோடு வரிசையாகத் தென்படும். மைக்ரோசாஃப்ட் பெயருள்ளவற்றைத் தொடக் கூடாது. சினிபேக் போன்றது ரேடியஸ் என்ற வேறு கம்பெனியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் விண்டோஸோடு கூடவே வந்ததுதான். டைரக்ட்ஷோ கோடெக்குகள் இந்தப் பட்டியலில் அகப்படா. அவற்றைக் காண நிர்சாஃப்டின் இன்ஸ்டால்ட்கோடெக் என்ற இலவச மென்பொருள் உதவும். சந்தேகத்துக்குரியதை அதில் அழிக்காமல் முடக்கி வைக்கவும் வழியுண்டு. அந்த வழியே எனக்கு உத்தமமாகப் படுகிறது. ஏனெனில், பிசகாக முடக்கியதை மறுகணமே மீட்டுவிடலாம்.

இவற்றை நீக்கிவிட்டால் படங்கள் ஓடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. விண்டோஸ் 7 முதற்கொண்டு எச்.264, ஏஏசி ஆகிய கோடெக்குகள் கணினியோடேயே வருகின்றன. மற்றவற்றுக்கு விஎல்சி போன்ற பிளேயர் போதுமானது. பிரான்ஸ் தேசத்தின் எகோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற கல்லூரி மாணவர்களின் முயற்சியில் பிறந்த அந்த மென்பொருள், தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, விண்டோஸின் ஏற்பாட்டில் தலையிடாமல் இயங்குகிறது.

பழைய கோடெக்குகளால் அபாயமும் உண்டு. இண்டியோ என்ற கோடெக்கில் பாதுகாப்புக் குறைகள் இருந்தபடியால், 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே பழைய விண்டோஸ்களில் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியது. ‘ஸ்லோப்’ என்ற தீய மென்பொருளோ, வீடியோ பார்க்கத் தேவையான கோடெக் என்று வேஷமிட்டே கணினிகளுக்குள் புகுந்தது. ஆகையால், இந்தப் படத்தைக் காணக் கோடெக் ஒன்றை நிறுவுக என்று ஏதேனும் ஓர் இணையப்பக்கம் கேட்குமானால், வாசகர்கள் தயைகூர்ந்து அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும்.