லாரி ஜெயித்ததா, ரோடு ஜெயித்ததா?



போர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பீரங்கி, டாங்கி, குண்டு போடும் விமானம். லாரியை யாராவது நினைப்போமா? ஆனா அரிசியும் குண்டும் வந்து சேரலைன்னா பீரங்கி வெறும் இரும்புதான். அதனால் ஒரு நாட்டின் விடுதலைப் போரை லாரிகளை வைத்தே சொல்லப் போகிறேன். அந்த நாடு வியட்நாம்.

எந்தப் போர்?

வியட்நாம் பிரான்சின் காலனியாக இருந்தது. 1945 செப்டம்பர் 2-ல் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். பிரான்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 1946 முதல் 1954 வரை போர் நடந்தது. ஹோ சி மின் தலைமையில் போராடியவர்களுக்கு வியட் மின் என்று பெயர். அவர்களுடைய தளபதி ஜியாப். இவர் அதற்கு முன் வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர்!

பிரெஞ்சுக்காரர்களின் வண்டிகள்

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா செய்த வண்டிகள்தான் இவர்களிடம் அதிகம். அதில் முக்கியமானது ஜி.எம்.சி லாரி. இரண்டரை டன் சுமக்கும். சாதாரண லாரியில் எஞ்சினின் சக்தி பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். இதில் மூன்று ஆக்சிலுக்கும் போகும். முன் சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் சேற்றில் மாட்டினாலும் ஏறி வந்துவிடும். இந்த லாரி மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதிகாரிகள் போகவும், காயம்பட்டவர்களைத் தூக்கிப் போகவும் ஜீப்புகள் இருந்தன. 1950-க்குப் பிறகு அமெரிக்காவே நேரடியாக உதவி அனுப்பியது.

இவ்வளவு இருந்தும் ஏன் தோற்றார்கள்?

காரணம், லாரி ரோட்டை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. வடக்கே சீன எல்லை ஓரமாக லாங் சோன் ஊரிலிருந்து காவ் பாங் ஊருக்கு 4-ம் எண் சாலை போகிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். லாரிகள் வரிசையாக வரும்போது வியட் மின் வீரர்கள் முதல் லாரியைக் கண்ணிவெடியால் நிறுத்துவார்கள். கடைசி லாரியையும் அடித்துவிடுவார்கள். நடுவில் உள்ளவை முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. பிறகு மேலேயிருந்து சுடுவார்கள்.

1950 அக்டோபரில் காவ் பாங் படை அந்த ஊரைக் காலி செய்து கிளம்பியது. வழி அடைபட்டதும் தங்கள் லாரிகளையும் பீரங்கிகளையும் தாங்களே அழித்துவிட்டுக் காட்டுக்குள் நடந்தார்கள். பெரும்பாலோர் தப்பவில்லை. அந்த எல்லைத் தோல்வியில் பிரான்ஸ் 450 லாரிகளை இழந்ததாக பெர்னார்ட் ஃபால் என்ற வரலாற்று ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

வியட் மின்னின் லாரி

எல்லை திறந்ததும் சீனா வழியாக ரஷ்ய லாரிகள் வந்தன. காஸ்-51 என்பது மாடல். வியட்நாம்காரர்கள் அதை மொலொதோவா என்று கூப்பிட்டார்கள். இதுவும் இரண்டரை டன்தான். ஆனால் பின் சக்கர இழுவை மட்டுமே. ஜி.எம்.சி-யை விடச் சாதாரண வண்டி!

1953 நவம்பரில் பிரெஞ்சுப் படை தியன் பியன் பூ என்ற பள்ளத்தாக்கில் பாராசூட்டில் இறங்கியது. சுற்றிலும் மலை. எதிரி இங்கே பெரிய பீரங்கியைக் கொண்டுவரவே முடியாது என்று நம்பினார்கள். அவர்களுக்குச் சாமான் எல்லாம் விமானத்தில்தான் வந்தது.

ஜியாப் முதலில் ரோடு போட்டார். சுமார் 600 லாரிகள், 20,000-க்கும் மேல் சைக்கிள்கள், இரண்டரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இந்த வேலையில் இருந்தார்கள். மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. லாரிகள் இரவில் ஓடின. ஒரு லாரி முழுத் தூரமும் போகாது. ஆறு குறுக்கிட்டால் இக்கரையில் இறக்கி, அக்கரையில் வேறு லாரியில் ஏற்றுவார்கள். அதனால் டிரைவருக்குத் தன் பகுதியின் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி.

கோ நோய் சந்திப்பிலும் ஃபா தின் கணவாயிலும் பிரெஞ்சு விமானங்கள் தினமும் குண்டு போட்டன. நம்ம அண்ணன், அக்கா வயசு இளைஞர்கள் இரவோடு இரவாகக் குழியை மூடினார்கள். பலர் அங்கேயே உயிரை விட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போச்சு.

"ஆள் இருக்காங்களே, லாரி எதுக்கு?" என்று கேட்கலாம். நடந்து அரிசி சுமப்பவருக்கும் பசிக்குமே! நீண்ட தூரம் நடந்தால் சுமையில் பெரும்பகுதியை அவரே சாப்பிட்டுவிடுவார். அதனால்தான் லாரிக்கு அவ்வளவு மதிப்பு.

லாரி போக முடியாத மேட்டில், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மி.மீ. பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையாலேயே இழுத்தார்கள். 1954 ஜனவரி 26 அன்று ஜியாப் தாக்குதலைத் தள்ளிப்போட்டார். இழுத்த பீரங்கியைத் திரும்ப இழுத்து வந்து, லாரி போகிற மாதிரி புதுப் பாதை வெட்டினார்கள். எவ்வளவு பொறுமை!

மார்ச் 13-ல் பீரங்கிகள் முழங்கின. அந்த மாதக் கடைசிக்குள் விமான ஓடுதளம் பயனில்லாமல் போனது. மே 7-ல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூலையில் ஜெனீவாவில் ஒப்பந்தம் ஆனது.

உங்களுக்குத் தெரியுமா?

* சைக்கிளில் ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டி நீட்டிக்கொள்வார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றினார்கள்.
* பிரெஞ்சுப் படை 10 டாங்கிகளைப் பிரித்து, விமானத்தில் கொண்டுவந்து, பள்ளத்தாக்கிலேயே மாட்டியது.

என் கருத்து

நல்ல லாரி பிரான்சிடம் இருந்தது. ஆனால் அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜனங்கள் அவர்கள் பக்கம் இல்லை. வியட் மின்னுக்கு, குண்டு விழுந்த இடத்தில் மறுநாள் மண் போட ஊரே வந்தது. போர்க் கதைகளில் தளபதி பெயர் மட்டும்தான் வருது. கூடை சுமந்தவர்களையும், இருட்டில் லாரி ஓட்டியவர்களையும் நாம் நினைக்க வேண்டாமா? யோசிச்சுப் பாருங்க நண்பர்களே!