பாட்டுக்கு வயதெல்லையா?

கலை பண்பாட்டுத் துறையார் ஜில்லாதோறும் நடத்திவரும் இளைஞர் கலைப் போட்டிகளின் விளம்பரத்தைப் பெரம்பலூர், அரியலூர் வாசிகளும் பத்திரிகைகளில் பார்த்திருப்பார்கள். குரலிசை, கருவியிசை, பரதநாட்டியம், கிராமிய நடனம், ஓவியம் என்று பிரிவுகள் வகுத்து, ஜில்லாவில் வென்றவரை மாநிலப் போட்டிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் கலந்துகொள்ள விரும்புவோரின் வயது 17க்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. முப்பத்தாறாவது பிராயத்தில் ஒருவருடைய தொண்டைக்கு என்ன நேர்ந்துவிடுகிறது என்று நாம் கேட்கிறோம்.

இளைஞர் போட்டி என்று பெயரிட்ட பின்னர் இக்கேள்வி எதற்கு என்று சிலர் சொல்லக்கூடும். இளைஞர்களுக்கெனத் தனியே ஒரு போட்டி இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. முப்பத்தைந்தைக் கடந்தவர் நடுவர் முன் நின்று, பாட்டின் பலம் ஒன்றைக்கொண்டே படிப்படியாக முன்னேறுவதற்கு அதற்கு நிகரான வாயில் ஒன்று அமையாததே நமது குறை. சர்க்கார் முதியோரை அறவே மறந்துவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. ஜில்லாக் கலை மன்றங்களின் வாயிலாக அது வயதுவாரியாக விருதுகள் அளித்து வருகிறது. 18 வயது வரையில் கலை இளமணி. 19 முதல் 35 வரை கலை வளர்மணி. 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி. 51 முதல் 65 வரை கலை நன்மணி. அதற்கு மேற்பட்டோருக்குக் கலை முதுமணி. பட்டங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆயினும் ஒரு வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விருது என்பது குழுவினர் கூடி ஆலோசித்து வழங்குவது. போட்டி என்பது பாடி வெல்வது. இளைஞருக்கு மேடையும், முதியவருக்குப் பொன்னாடையும் என்று பாகம் பிரித்தாயிற்று. பொன்னாடை வாங்கிக்கொள்வதற்குக் குரல் வேண்டுமென்பதில்லை.

இப்பாகுபாட்டினால் நஷ்டப்படுவோர் யார்? பெரம்பலூர்ச் சீமை வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும், பருத்தியும், சின்ன வெங்காயமும் அங்கே விளைகின்றன. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் மிகுந்திருக்கின்றன. இவ்விரு ஜில்லாக்களிலும் பாட்டு என்பது பெரும்பாலும் வேலையோடு கலந்து வருவது. களையெடுப்பில் பாடுகிறார்கள், தொட்டிலருகே பாடுகிறார்கள், கும்மியில் பாடுகிறார்கள், துக்க வீட்டில் பாடுகிறார்கள். ஒப்பாரியில் முதலெடுத்துப் பாடுகிறவள் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருப்பது அபூர்வம். உற்றாரைப் பறிகொடுத்து அழுதறிந்தவளே அதற்கு முன்வந்து அமர்கிறாள். மற்றவர்கள் அவளைத் தொடர்கிறார்கள். கூத்திலும் அப்படியே. பகலில் மண்வெட்டியும் இரவில் வேஷமுமாக வாழ்கிறவனுக்கு முழு இராத்திரிக் கதையும் மனப்பாடமாவதற்குள் பாதி ஆயுள் கழிந்துவிடுகிறது. பெண்களின் விஷயமோ இன்னும் பரிதாபம். குழந்தைப் பிராயத்தில் நன்றாகப் பாடியவள் விவாகமாகிப் புக்ககம் சென்று, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கையும் மனமும் ஒழிந்து மறுபடி வாய் திறக்கும்போது அவளுக்கு நாற்பது ஆகிவிடுகிறது. அவள் பாட வந்த வருஷத்தில் போட்டியின் கதவு சாத்தியிருக்கிறது. முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்றாலோ, பெரம்பலூரிலுள்ள அரசு இசைப்பள்ளி போன்றவற்றில் சேருவதற்கு வயது 12 முதல் 25 வரை. ஆகவே வறுமையினாலோ குடும்பப் பொறுப்பினாலோ இளமையைச் சங்கீதத்துக்குக் கொடுக்க இயலாமற் போனவர்களே இரண்டு இடத்திலும் வெளியே நிற்கிறார்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்து இருபதில் மேடையேறிவிடுகிறான். வயதெல்லை அவனை ஒன்றும் செய்வதில்லை. வயதைக் குறித்து எழுதப்பட்ட விதி, ஏழையைக் குறித்து எழுதப்பட்ட விதியாகவே முடிகிறது.

இச்சீமையின் பழைய சங்கீத சரித்திரம் வேறு விதமாக இருந்தது. இன்றைய அரியலூர் ஜில்லாவிலுள்ள உடையார்பாளையம் ஒரு காலத்தில் ஜமீன் தலைநகரம். அங்கே கச்சிக் கல்யாணரங்கரின் ஆதரவில் இருந்தவர் கனம் கிருஷ்ணையர். திருக்குன்றத்தில் பிறந்து, 1790க்கும் 1854க்கும் இடையே வாழ்ந்தவர். பொப்பிலி கேசவையா என்னும் வித்வான் தஞ்சைக்கு வந்து கனமார்க்கத்தில் பாடியபோது, அவ்வரிய முறையை நம்மவரில் யாரேனும் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அரண்மனையில் எழுந்தது என்றும், கிருஷ்ணையர் அதை மேற்கொண்டு சாதகம் செய்து வென்று காட்டினார் என்றும், அதனாலேயே கனம் என்பது அவர் பெயரோடு சேர்ந்தது என்றும் சொல்வார்கள். உடலின் வலிமை முழுவதையும், நீண்ட மூச்சையும் கேட்கும் மார்க்கம் அது. கிருஷ்ணையருக்கு அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே. அதைப் பாடிக் காட்ட வேண்டும்.

அவரிடம் சங்கீதம் பயின்றவர்களில் ஒருவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையரின் தந்தையாரான வேங்கடசுப்பையர். இளைஞர் முதியவரின் காலடியில் அமர்ந்து கற்ற வித்தை அது. வேங்கடசுப்பையர் அந்தச் சங்கீதத்தையும் இராமாயணப் பிரசங்கத்தையும் கொண்டு அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் குடும்பம் நடத்தியதை ஐயரவர்கள் தம் சரித்திரத்தில் விரித்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரித்திரம் வாரப் பத்திரிகையில் வரத் தொடங்கிய 1940ஆம் வருஷத்தில் ஐயருக்கு வயது எண்பத்தைந்து என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். எழுத்துக்கு இல்லாத வயதெல்லை பாட்டுக்கு எங்கிருந்து வந்தது?

மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதே நமது அபிப்பிராயம். அங்கே ஆப்பரா என்னும் இசைநாடகப் பாடகர்களுக்குப் பெரிய சர்வதேசப் போட்டிகள் நடக்கின்றன. 1983இல் வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரில் தொடங்கிய உலகப் பாடகர் போட்டியில் 18 முதல் 32 வயது வரை உள்ளவர்களே பாடலாம். பிளாஸிடோ டொமிங்கோ என்னும் ஸ்பானியப் பாடகர் 1993இல் நிறுவிய ஆப்பராலியா போட்டியிலும் மேல்வரம்பு 32தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1941இல் பிறந்த டொமிங்கோ அப்போட்டியை ஏற்படுத்தியபோதே ஐம்பதைத் தாண்டியவர். பிறகு உச்சஸ்தாயிப் பாத்திரங்களை விட்டு, 2009 முதல் தணிந்த குரலுக்குரிய பாத்திரங்களை மேற்கொண்டு, எழுபது வயதுக்கு மேலும் மேடையில் பாடினார். தாம் நிறுவிய போட்டிக்கு அவரே மனுச் செய்திருந்தால் வாயிற்படியிலேயே திருப்பியனுப்பியிருப்பார்கள்!

ஆயினும் அந்நாட்டார் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது. ஆப்பராவில் பாட்டின் சுருதியைச் சாகித்யகர்த்தா எழுதிவைத்துவிடுகிறார். குரல் முதிர்ந்து தணிந்தாலும் பாட்டு தணிந்து கொடுக்காது. நாடகசாலைகளும் இருபது முப்பது வருஷம் உழைக்கக்கூடிய புதிய குரல்களைத் தேடியே போட்டிக்கு ஆள் அனுப்புகின்றன. நமது சங்கீதத்தின் அமைப்போ நேர்மாறானது. இங்கே சுருதி பாடுகிறவரின் உடைமை. இளமையில் ஒரு கட்டை, முதுமையில் அதைவிடக் குறைந்த கட்டை என்று அவரவர் சாரீரத்துக்கு இசைய வைத்துக்கொள்கிறோம். இராகம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. செம்மங்குடி சீனிவாசையர் 1908இல் பிறந்தவர். இளமையில் அவருடைய சாரீரம் கரடுமுரடானதாக இருந்து, ஓயாத சாதகத்தினால் வசப்பட்டது என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. தொண்ணூறை எட்டியும் கச்சேரி செய்தவர் அவர். குரலைக் கொண்டு மட்டும் இருபது வயதில் அவரை யாராவது மதிப்பிட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? நாட்டுப்பாட்டிலோ சுருதிப் பெட்டியே இல்லை. பிறருடைய தேவைக்காகப் பிறந்த விதியை அந்தத் தேவை இல்லாத இடத்தில் நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது விளங்கவில்லை.

விதியை எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் எண்ணவில்லை. பிரிட்டனில் 2009ஆம் வருஷம் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பெண்மணி சூசன் பாயில் மேடையேறினார். அப்போட்டியில் வயதுக்கு மேல்வரம்பு இல்லை. ஆனால் தமக்கு நாற்பத்தேழு வயது என்று அவர் சொன்னதும் சபையோரின் முகங்களில் தோன்றிய ஏளனத்தை உலகமே படத்தில் பார்த்தது. அவர் பாடத் தொடங்கிய சில விநாடிகளில் அதே சபை எழுந்து நின்று ஆரவாரித்தது. விதியில் இல்லாதது முகத்தில் இருந்தது.

2012ஆம் வருஷம் மே மாதம் அஸர்பைஜானின் பாகு நகரில் நடந்த யூரோவிஷன் போட்டி இதைவிடச் சுவையானது. இப்போட்டியில் பாடுவோர் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதன்றி மேல்வரம்பு கிடையாது. பிரிட்டனுக்காகப் பாடச் சென்றவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இவர் 1936இல் நமது சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1967இல் பெரும்புகழ் அடைந்தவர், எழுபத்தாறாம் வயதில் அன்றிரவு முதல் ஆளாகப் பாடி, 26 தேசங்களில் 25ஆவதாக வந்தார்; கிடைத்தவை 12 புள்ளிகள். கிழவரை அனுப்பியதன் பலன் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அதே இரவில், அதே மேடையில், ருஷ்யாவின் உட்முர்த்தியப் பிரதேசத்துப் புரானவோ கிராமத்துப் பாட்டிமார்கள் தங்கள் தாய்மொழியும் ஆங்கிலமும் கலந்து பாடி, 259 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்றார்கள். தங்கள் ஊரில் அழிந்துபோன கோவிலை மறுபடி கட்டவேண்டும் என்பதே அவர்கள் பாட வந்த நோக்கம். ஒரே இரவில் முதுமை தோற்கவும் செய்தது, ஏறக்குறைய வெல்லவும் செய்தது என்றால், தீர்ப்பைத் தந்தது முதுமையன்று என்று கொள்வதே அறிவுடைமை. அந்தப் பாட்டிமார்களுக்குக் கிடைத்த கைதட்டலில் ஒரு பங்கு வேடிக்கை பார்ப்பவரின் கைதட்டல் என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. வயதுக்காக இகழ்வதும் வயதுக்காகக் கொஞ்சுவதும் பாட்டைக் கேளாமலிருப்பதற்கு இரண்டு வழிகள்.

நம் நாட்டில் கிராமத்துப் பாட்டுக்காரிகள் சிலருக்குச் சினிமா வழி திறந்தது. சிவகங்கைச் சீமைக் கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ஆண் பாவம் படத்தில் தோன்றியபோது அறுபதை நெருங்கியிருந்தார். மதுரைக்கருகில் பரவை முனியம்மாவைத் தமிழுலகம் அறிந்தது 2003இல், தூள் படத்தினால். அவரும் அப்போது இளமையைக் கடந்தவரே. இவ்விருவரையும் ஒரு டைரக்டரின் கண் கண்டுபிடித்தது. கண் படாமற்போன கருப்பாயிகள் குன்னத்திலும், வேப்பந்தட்டையிலும், செந்துறையிலும், ஜெயங்கொண்டத்திலும் எத்தனை பேரோ! டைரக்டரின் வருகைக்காகக் காத்திராமல் அவர்கள் தாமே சென்று தட்டக்கூடிய கதவாகப் போட்டி இருந்திருக்கலாம்.

மூத்தோரையும் சேர்த்தால் இளைஞர்களுக்கு இடம் இல்லாமற்போகும் என்ற ஆட்சேபம் வரும். அதில் நியாயம் இல்லாமலில்லை. சபாக்களில் மாலை நேரத்தைப் பெரிய வித்வான்கள் எடுத்துக்கொள்ள, இளம்பாடகர் நண்பகல் வெயிலில் காலி நாற்காலிகளுக்குப் பாடும் வழக்கத்தை நாம் அறிவோம். மத்திய சங்கீத நாடக அகாடமி 40 வயதுக்குட்பட்டோருக்குப் பிஸ்மில்லாகான் பெயரால் இளைஞர் விருது ஏற்படுத்தியது அதனால்தான். அதே அகாடமி, அதுவரை தேசிய கௌரவம் எதுவும் பெறாத, 75 வயதைக் கடந்த 84 கலைஞர்களை ஒரே தடவையாகத் தேடிப்பிடித்து 2022ஆம் வருஷத்தில் அமிருத விருதை அறிவித்தது. எண்பத்துநான்கு பேர் அத்தனை காலம் எங்கே இருந்தார்கள் என்பதே நம் மனத்தில் எழுந்த கேள்வி.

ஆகவே இளைஞர் போட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அருகிலேயே வயது வரம்பற்ற குரலிசை, கிராமியப் பாட்டுப் போட்டி ஒன்றையும் இரு ஜில்லாக்களிலும் தொடங்கவேண்டும் என்று கேட்கிறோம். ஹாலந்தில் 2018இல் அறுபது வயதினருக்கென்று தனிப்போட்டி வைத்தார்கள், அது வேண்டாம். அது முதியோரை மறுபடியும் ஒரு தனி அறையில் அடைப்பதாகும். அதே ஹாலந்தில் 2010இல் வேறொரு முறை கொண்டுவந்தார்கள். நடுவர் முதுகு காட்டி உட்கார்ந்து, பாடுகிறவரைப் பாராமல், குரலைக் கேட்டுத் தெரிந்தெடுப்பது. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு திரைச்சீலை போதும். ஊர்ப்பொது வேலைகளில் ஈடுபட்டுள்ள நம் நண்பர்கள் இதற்குச் சர்க்காரை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. முதற் போட்டியை உடையார்பாளையத்திலேயே வைக்கலாம். நடுவர்களில் ஒருவரேனும் வயற்பாட்டு அறிந்தவராக இருக்கட்டும். மனுப் பத்திரத்தில் வயது எழுதும் கட்டத்தை, பரிசு அறிவித்த பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம்.