மிதிவண்டியும் பயிற்சி ஆசானும்

மிதிவண்டி ஓட்டுவோர்க்கு வேறு உடற்பயிற்சி எதற்கு என்று ஆசிரிய நண்பர் பலர் கேட்பதுண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின் என் வலது முழங்கால் அவ்வெண்ணத்தை மாற்றியது.

மிதிவண்டி நமக்குத் தருவது யாது, தராதது யாது என முதலிற் காண்போம். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அது நல்லது. மூட்டுகளை அதிர்ச்சியின்றி இயக்குவது. ஆயினும் உடலெடையின் பெரும்பகுதியை இருக்கையே தாங்குகிறது. ஆதலால் நடப்பதாலும் எடை தூக்குவதாலும் எலும்புக்கு உண்டாகும் உறுதி, இதனால் அத்துணை உண்டாவதில்லை. தோளுக்கும் கைக்கும் வேலை குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிகள், வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமாக உழைப்பதோடு, இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தவேண்டும் என்று கூறுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் நாட்டு வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2017இல் கெய்ரின் போட்டியில் உலக வாகையும், 2021இல் தோக்கியோவில் வெள்ளியும் பெற்றார். அவரை நெடுங்காலம் பழக்கியவர் ஆஸ்திரேலியரான ஜான் பீஸ்லி. இத்தகைய விரைவோட்ட வீரர்கள் ஓடுதளத்தில் மட்டுமன்றி எடைப்பயிற்சிக் கூடத்திலும் உழைத்தே காலுக்கு வலுவேற்றுகின்றனர். உலக வாகையருக்கே ஆசான் வேண்டுமெனின், நமக்கு வேண்டாவோ?

ஆனால் எத்தகைய ஆசான் என்பதே கேள்வி. நான் முதலிற் சென்ற கூடத்தில், இருபது வயது இளைஞர்க்குக் கொடுத்த பயிற்சியையே எனக்கும் கொடுத்தனர். இரண்டே வாரத்தில் முழங்கால் வீங்கிற்று. அடுத்துச் சென்ற இடத்தில் ஓர் இளைஞர் எடையைத் தொடவே விடவில்லை. வயது, பழைய நோய், நாளும் ஓட்டும் தொலைவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் மிதிவண்டியைக் கொணரச் செய்து, “ஐயா, இருக்கை தாழ்ந்திருக்கிறது, குற்றம் காலில் மட்டுமில்லை,” என்றார். மிதிகட்டை கீழே நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்தால் பின்புறம் நோகும்.

அதன் பின்னரே பயிற்சி தொடங்கிற்று. நாற்காலியில் அமர்ந்தெழுதல், படியேறுதல், பிறகு சிறு எடை. முந்திய படி கைவந்த பின்னரே அடுத்த படி; இடையிடையே ஓய்வு. வலி நீடித்தால் மருத்துவரைக் காணும்படி அவரே சொன்னார். தம் அறிவின் எல்லையை அறிந்திருப்பதும் ஆசானுக்குரிய இலக்கணமன்றோ?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, எளிதிலிருந்து அரிதிற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றவை இவையே. கற்ற நானோ, வகுப்பிலுள்ள அனைவர்க்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிட்டு, தவறியவனைக் கடிந்த நாள்கள் பல. வீங்கிய முழங்காலோடு நின்றபோதுதான் அம்மாணவன் நிலை எனக்கு விளங்கிற்று.

ஆகவே, பயிற்சிக் கூடம் தேடும் அன்பர்கள் அங்குள்ள கருவிகளை எண்ணவேண்டா. ஆசான் முதலில் ஆணையிடுகிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்பவரிடம் உடலை ஒப்படைக்கலாம்.