குப்பைக்கூடைக்குப் போகும் முன்...

எங்கள் மகளுக்கு ஆறு வயது. பிறந்ததும் வளர்வதும் புனேயில். பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடப் போனால் இந்தியும் மராத்தியும். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது, நான் அவளிடம் பேசும் தமிழ் "வா, சாப்பிடு, குளி, தூங்கு" என்பதற்குள் அடங்கிவிட்டது புரிந்தது. ஞாயிறுதோறும் தஞ்சாவூரிலிருந்து என் அப்பா போன் செய்தால், "நல்லா இருக்கேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். பாசம் இல்லாமல் இல்லை. பேச வார்த்தை இல்லை.

இதற்கு ஒரு வழி எங்கள் புனேயிலேயே கிடைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அர்விந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்தில் பணியாற்றினார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்தே பாடம் சொல்லலாம் என்று அங்கே கண்டார். 1987-இல் அது புத்தகமாக வந்தது. பின்னர் புனேயில் பல ஆண்டுகள், வீட்டில் வீணாகும் பொருள்களில் பொம்மை செய்யக் கற்றுத் தந்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வழியில் நாங்கள் செய்து பார்த்தவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

பீப்பீ: குளிர்பானம் குடித்த ஸ்ட்ராவைக் கழுவித் துடையுங்கள். ஒரு முனையில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு நன்றாகத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் ஈட்டி முனைபோல் சரிவாக நறுக்குங்கள். அந்த முனையை உதடுகளுக்குள் வைத்து அழுத்தி ஊதினால் சத்தம் வரும். நாதஸ்வரத்தின் சீவாளி வேலை செய்வதும் இப்படித்தான். ஊதிக்கொண்டே இருக்கும்போது மறுமுனையைச் சிறிது சிறிதாக நறுக்கினால் சுருதி ஏறும். காகித ஸ்ட்ரா எச்சில் பட்டுச் சீக்கிரம் நமத்துவிடும்.

தீக்குச்சிச் சட்டம்: குச்சியின் மருந்தைப் பெரியவர்கள் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வால்டியூபை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இரு பக்கமும் குச்சிகளைச் செருகுங்கள். மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் முக்கோணம் ஏன் வருகிறது என்று குழந்தைக்குக் கையே சொல்லிவிடும்.

பம்பரம்: பழைய கல்யாணப் பத்திரிகையில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். சரியாக நடுவில் துளையிட்டு, மருந்து நீக்கிச் சீவிய தீக்குச்சியைக் கோருங்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் பூசிச் சுற்றினால் ஆரஞ்சாகத் தெரியும்.

பிளேடும் ஊசியும் நம் கையில்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் குழந்தை செய்யட்டும்.

செய்யும்போது நான் ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடித்தேன். கை செய்வதை வாய் தமிழில் சொல்ல வேண்டும்: நறுக்கு, செருகு, சுரண்டு, கோரு, ஊது. அவள் இந்தியில் கேட்டால் திருத்துவதில்லை. அதையே தமிழில் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்வேன்.

மூன்றாம் வாரம் தாத்தாவின் போன் வந்தது. "தாத்தா, ஸ்ட்ராவைத் தட்டையா பண்ணி, இப்படி நறுக்கி... ஊதணும்!" என்று ஊதியும் காட்டினாள். "அட, பூவரசு இலையைச் சுருட்டி நாங்க ஊதினதுதான்டி இது!" என்றார் அப்பா. "பூவரசுன்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

அன்று போன் என் கைக்கு வர வெகு நேரமாயிற்று.