மெழுகின் விரிசலில் எழுந்த ஊர்

முத்தையாபுரத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?"

இதே கேள்வி 1960களின் தொடக்கத்தில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையும் வாட்டியது. தேர்ந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்தார்கள். ஓவியம் சோறு போடாவிட்டால் கைத்தொழில் போடட்டும் என்று அவர் முடிவு செய்தார். மாணவர்களும் ஓவியர்களும் சேர்ந்து பாத்திக் துணிகளும் தோல் பொருள்களும் செய்தார்கள். கண்காட்சி வைத்து விற்றார்கள். சேர்ந்த பணம் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் மணல் நிலம் வாங்கக் கைகொடுத்தது. 1966இல் அங்கே எழுந்ததுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால், எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ் எல்லாரும் அந்த மணலில் வளர்ந்த பெயர்கள்.

ஓர் ஊரையே வாங்கித் தந்த அந்தப் பாத்திக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருகிய மெழுகைப் பூசிவிட்டுத் துணியைச் சாயத்தில் முக்குவார்கள். சூடான சாயம் மெழுகை இளக்கிவிடும்; ஆகவே குளிர்ந்த சாயம்தான். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். முடிவில் கொதிநீரில் போட்டால் மெழுகு உருகிப் பிரியும், படம் வெளிவரும்.

என்னைக் கட்டிப்போடுவது அதில் ஓடும் மயிரிழைக் கோடுகள். பனிமய மாதா திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற சின்ன வயதில், விரலில் சொட்டி உறைந்த மெழுகை மடக்கிப் பார்ப்பேன். மெல்லிய கோடுகளாக வெடிக்கும். பாத்திக்கில் நடப்பதும் அதுவே. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரஃபின் மெழுகு நொறுங்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. துணியைக் கசக்கும்போது வெடித்த வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாகப் படரும். ஜாவாவின் பழைய கைவினைஞர்கள் பலர் இந்த விரிசலைக் குறையென்று தவிர்த்தார்கள். நம் ஓவியர்களோ அதை அழகென்று கொண்டாடினார்கள். ஒரு விரிசல் போல இன்னொன்று விழாது; அதனால் ஒரு துணி போல இன்னொன்று இல்லை.

இன்று அந்த விரிசலையும் எந்திரத்தில் அச்சடித்து 'பாத்திக்' என்று விற்கிறார்கள், நாமும் விலை மலிவென்று வாங்குகிறோம். துணியைத் திருப்பிப் பாருங்கள். முக்கிச் சாயமேற்றியதில் இரு பக்கமும் நிறம் ஒன்றாக இருக்கும். அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். கையால் செய்தவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், அச்சடித்ததற்கு ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். இது நியாயமில்லை. கைவினையை ஓவியத்துக்குக் கீழே வைக்கும் பழக்கமும் நியாயமில்லை. அந்தக் கைவினை உழைத்துச் சேர்த்த நிலத்தில்தானே நம் நவீன ஓவியம் நிமிர்ந்து நின்றது!

பணிக்கர் 1977இல் மறைந்தார். இந்தோனேசிய பாத்திக்கை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது 2009இல். அதே ஆண்டு சோழமண்டலத்தில், பணிக்கரும் அவர் மாணவர்களும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தது. கண்காட்சிகள் இன்றும் நடக்கின்றன.

மகளே, வீட்டாரை ஒருமுறை அங்கே அழைத்துப் போ. படம் வரைந்தவர்கள் கைத்தொழிலும் கற்றார்கள், அதனால் ஓர் ஊரையே கட்டினார்கள் என்று சொல். நீயும் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள். தூரிகையை மட்டும் கீழே வைத்துவிடாதே.