குண்டு பல்பு சொல்லும் சேதி

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, காங்கேயம், கோபி என்று எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்று கண்ணில் படும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது வாசலில் நின்று உள்ளே பாருங்கள். செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசம், கழற்றிப் போட்ட பம்ப் மோட்டார்கள். இவற்றுக்கு நடுவே ஒரு மரப்பலகையில் பழைய குண்டு பல்பு ஒன்று மாட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கும்.

"ஏனுங்ணா, பட்டப்பகல்ல இந்தப் பல்பு எதுக்குங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அது வெளிச்சத்துக்கு இல்ல கண்ணு. சீரிஸ் லைட்டு. காயில் நல்லா இருக்குதா, போயிருச்சான்னு அதுதான் சொல்லோணும்" என்பார் அந்த அண்ணன்.

எப்படிச் சொல்லும்? மின்சாரம் முதலில் பல்புக்குள் போகும். பிறகு மோட்டாரின் காயிலுக்குள் போய்த் திரும்பும். இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதால்தான் சீரிஸ். காயில் எங்காவது அறுந்திருந்தால் பாதை இல்லை, பல்பு எரியாது. காயில் சரியாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும். உள்ளே கம்பியோடு கம்பி ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தால் பளிச்சென்று எரியும். ஒரே பல்பு மூன்று விதமாகப் பதில் சொல்லிவிடுகிறது.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. 100 வாட் பல்பு, 230 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும்? நூறை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 0.43 ஆம்பியர். மோட்டார் எவ்வளவு மோசமாக ஷார்ட் ஆகியிருந்தாலும் அதற்கு மேல் மின்னோட்டம் ஓடாது. பல்பு விடாது. ஃபியூஸ் போகாது, ஒயர் கருகாது. அதாவது இந்தப் பல்பு கேள்வியும் கேட்கிறது, காவலும் காக்கிறது. இப்போது வரும் எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, வருகிற கொஞ்சநஞ்ச மின்சாரத்திலேயே எரிந்து நம்மை ஏமாற்றிவிடும். கடைக்காரர்கள் பழைய குண்டு பல்பைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

நம் பகுதியில் இத்தனை மோட்டார் கடைகள் வந்ததற்கும் காரணம் உண்டு. கொங்குச் சீமையில் மழை குறைவு, கிணறுகள் ஆழம். 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. மில்கள் பெருகின, பம்புகளும் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் மின்மோட்டார் ஒன்றைச் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள்.

சரி, வீட்டில் ஒரு மின்னணு வேலைமேசை போட ஆசைப்படுகிறீர்கள். முதலில் எதை வாங்குவது? பெரும்பாலான பிள்ளைகள் சால்டரிங் அயர்னைத்தான் கேட்பார்கள். புகை வருகிறது, உலோகம் உருகுகிறது, பார்க்க ஜோராக இருக்கிறது. என் தீர்ப்பு வேறு. மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே அது எதன் வழியே போகும், எதன் வழியே போகாது என்று சொல்லும் கருவிதான் முதலில் வேண்டும். அதை நீங்களே செய்துகொள்ளலாம்.

மோட்டார் கடையின் சீரிஸ் லைட்டில் 230 வோல்ட் இருக்கிறது. தொட்டால் ஆளையே கொல்லும், அதைச் செய்துபார்க்கவே கூடாது. நாம் செய்யப்போவது அதன் தம்பி. மூன்று பென்சில் செல், அவற்றை வைக்கும் ஒரு பெட்டி, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு 270 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் ஒயர், இரண்டு இரும்பு ஆணி. இவ்வளவுதான். பெட்டியிலிருந்து வரும் சிவப்பு ஒயரில் ரெசிஸ்டர், ரெசிஸ்டரின் மறுமுனையில் எல்.இ.டி.யின் நீளமான கால், குட்டையான காலில் ஓர் ஆணி. கறுப்பு ஒயரில் இன்னோர் ஆணி. ஒயர்களை முறுக்கி, எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கனெக்டரில் திருகினால் போதும்.

ஏன் 270 ஓம்? மூன்று செல்லும் சேர்ந்து 4.5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 2.5 வோல்ட். அதை 270-ஆல் வகுத்தால் சுமார் 0.009 ஆம்பியர், அதாவது 9 மில்லிஆம்பியர். எல்.இ.டி. நன்றாக எரிய இது தாராளம். இரண்டு ஆணிகளையும் நேராக முட்டவிட்டாலும் இதற்கு மேல் ஓடாது. மோட்டார் கடையில் பல்பு செய்த காவல் வேலையை இங்கே ரெசிஸ்டர் செய்கிறது. அதன் மேல் சிவப்பு, ஊதா, பழுப்பு என்று மூன்று கோடுகள் இருக்கும். சிவப்பு என்றால் 2, ஊதா என்றால் 7, பழுப்பு என்றால் பக்கத்தில் ஒரு பூஜ்யம். நான்காவது கோடு, அளவில் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்வது.

இப்போது ஆணிகளால் எதையும் தொட்டுப் பாருங்கள். சாவி, பென்சிலின் கரிமுனை, பழைய ஃபியூஸ் கம்பி, அறுந்துபோனதாகச் சந்தேகப்படும் ஹெட்போன் ஒயர். ஒரே நிபந்தனை: சோதிக்கும் பொருள் எந்த மின்சாரத்தோடும் இணைந்திருக்கக் கூடாது. சுவர் பிளக்குக்குள் ஆணியை விடும் எண்ணம் கனவிலும் வேண்டாம்.

இதோடு ஆறு மாதம் ஓட்டலாம். அதன்பின் மல்ட்டிமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாயில் கிடைக்கும். நடுவே ஒரு திருகு, அதைச் சுற்றி ஏகப்பட்ட எண்கள், பார்த்தால் மிரட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் சில்லுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை: வோல்ட்டை அளப்பது. மற்றதெல்லாம் அந்த ஒரு வித்தையை வைத்துச் செய்யும் சாமர்த்தியம். ரெசிஸ்டரை அளக்கச் சொன்னால், தன் பேட்டரியிலிருந்து சிறிது மின்னோட்டத்தை அதற்குள் அனுப்பி, அங்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்த்து ஓம் கணக்குச் சொல்லும். மின்னோட்டத்தை அளக்கச் சொன்னால், அதைத் தனக்குள் இருக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டர் வழியே ஓடவிட்டு, அங்கேயும் வோல்ட்டைத்தான் பார்க்கும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மின்னோட்டம் அளக்கும் '10ஏ' துளையில் ஒயரைச் செருகிவைத்துக்கொண்டு, வோல்ட் பார்ப்பதாக நினைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது அப்பட்டமான ஷார்ட். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. மின்னோட்டம் அளந்து முடித்த உடனே சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

மீட்டர் கைக்கு வந்ததும் ஒரு வேடிக்கை. ரிமோட்டில் தீர்ந்துபோன பென்சில் செல்லை எடுத்து அளந்து பாருங்கள். 1.3 வோல்ட் காட்டலாம். "நல்லாத்தானே இருக்குது!" என்று தோன்றும். இப்போது அதே செல்லோடு ஒரு டார்ச் பல்பை இணைத்து, பல்பு இணைந்திருக்கும்போதே மறுபடி அளக்கவும். எண் சடாரென்று கீழே விழும். பழைய செல்லுக்குள் தடை கூடிவிடுகிறது. வேலை கொடுத்தால் வோல்ட்டின் பெரும்பங்கு உள்ளேயே தொலைந்துபோகிறது. சும்மா இருக்கும் செல்லை அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

மோட்டார் கடை அண்ணனிடம் மல்ட்டிமீட்டரும் இருக்கும், மெக்கர் என்ற இன்னொரு கருவியும் இருக்கும். மல்ட்டிமீட்டர் ஓரிரு வோல்ட்டில்தான் ஓம் சோதிக்கும். கம்பியின் மேல்பூச்சில் உள்ள நுண்ணிய கசிவு அதற்குத் தெரியாது. மெக்கர் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் முக்குவார்களே, அதே யுக்தி. நம் மேசைக்கு மெக்கர் தேவையில்லை. வீட்டில் இருக்கும் திருப்புளி டெஸ்டரும் பிள்ளைகளுக்கானது அல்ல. அதன் நியான் விளக்கு எரிய, சிறிதளவு மின்சாரம் பிடித்திருப்பவர் உடம்பு வழியாகவே போகிறது. எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நம்பவும் முடியாது.

இனி சால்டரிங். 25 வாட் அயர்ன் போதும்; பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சால்டர் கம்பியில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 190-க்குள் முழுதாக உருகிவிடும். அயர்னின் முனையோ 300 டிகிரிக்கு மேல்.

இந்த வித்தை உங்கள் பாட்டிக்குப் பழக்கமானது. முன்பெல்லாம் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெண்புகை எழும்போது வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புவார். புளிப்பான சமையல் பித்தளையில் பட்டுக் களிம்பு ஏறாமல் இருக்க அந்தப் பூச்சு. நவச்சாரம் எதற்கு? காற்று பட்ட உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும். அதன் மேல் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். நவச்சாரம் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். சால்டர் கம்பிக்குள் இதே வேலைக்காக ரோசின் என்ற மரப்பிசினை அடைத்திருக்கிறார்கள். மின்னணு வேலைக்கு நவச்சாரம் ஆகாது. மிச்சம் தங்கிச் செம்பை அரித்துவிடும்.

சூட்டை ஈயத்துக்குக் கொடுக்காதீர்கள், இணைப்புக்குக் கொடுங்கள். அயர்ன் முனையால் ஒயரையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கி, எதிர்ப்பக்கத்தில் கம்பியை வைத்தால் ஈயம் தானே பரவும். பரவாமல் உருண்டையாக நின்றால் அது கச்சா இணைப்பு. ஜன்னல் திறந்திருக்கட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காரீயம் நஞ்சு. மேசையில் முறுக்குத் தட்டுக்கு இடமில்லை.

மேசை மரமாக இருக்கட்டும். இரும்பு மேசை எல்லாவற்றையும் ஷார்ட் ஆக்கும். ஒரு நோஸ் பிளேயர், ஒரு கட்டர், இரண்டு திருப்புளி. அயர்ன் முனையைத் துடைக்க ஈரமான பனியன் வேஸ்ட் அருமையாக உதவும். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்பாஞ்சுக்கு ஏன் அலைய வேண்டும்? ஆனால் சுத்தப் பருத்தியாகப் பார்த்து எடுங்கள், பாலியஸ்டர் உருகி முனையில் அப்பிக்கொள்ளும்.

பழைய பொம்மை, ரேடியோ, கால்குலேட்டர் எல்லாம் நல்ல பாடப்புத்தகங்கள். செல்லை எடுத்துவிட்டுத் தாராளமாகக் கழற்றுங்கள். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். அதே மனிதர் 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ஆனால் டிவி, மைக்ரோவேவ், இன்வெர்ட்டர், கேமரா ஃபிளாஷ் ஆகியவற்றைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். செல்போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

ஒரு சோதனை தருகிறேன், இந்த மாதமே செய்து பாருங்கள். சிறுவாணித் தண்ணீரைப் போல ருசி உலகத்தில் இல்லை என்று கோவைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். ருசியை நம் கருவியால் அளக்க முடியாது. உப்பைக் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், மற்றதில் போர்த் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு ஆணிகளையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே ஆழத்துக்கு முக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு எல்.இ.டி.யைப் பாருங்கள். கரைந்த உப்பு அதிகமானால் மின்சாரம் சுலபமாகப் போகும், வெளிச்சம் கூடும். எதில் கூடுதல் வெளிச்சம், உங்கள் ஊர் எது, போர் எத்தனை அடி ஆழம் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். சோதித்த தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.