மாவுப்பையில் மலர்ந்த பூக்கள்

1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்தது. வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1933இல் உழைப்போருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. இக்காலத்தைப் பொருளாதாரப் பெருமந்தம் என்பர்.

வருவாய் குறையவே திரையரங்குகளிலும் கூட்டம் குறைந்தது. அரங்க உரிமையாளர்கள் ஒரே சீட்டில் இரண்டு படங்களைக் காட்டினர். படம் பார்க்க வரும் பெண்களுக்கு வாரம் ஒரு கோப்பையோ தட்டோ இலவசமாக அளித்தனர். முழுத் தொகுதியும் சேரவேண்டுமெனில் வாரந்தோறும் வரவேண்டும் அல்லவா?

அவ்வாறு வந்த பெண்கள் கதையை மட்டுமா பார்த்தனர்? 1932இல் வெளிவந்த 'லெட்டி லின்டன்' என்னும் படத்தில் நடிகை ஜோன் கிராஃபோர்டு, தோளில் பெரிய மடிப்புகள் வைத்த வெண்ணிற ஆடை ஒன்றை அணிந்தார். அதனை வடிவமைத்தவர் ஏட்ரியன். அவ்வாடையின் நகல்கள் கடைகளுக்கு வந்தன. வாங்க இயலாதோர் கண்ணால் கண்டதை வீட்டில் தைக்க முயன்றனர்.

ஆனால், துணிக்கு எங்கே போவது? அந்நாட்களில் கோதுமைமாவும் கோழித்தீவனமும் பருத்திப் பைகளில் விற்கப்பட்டன. நம் சணல் சாக்கைப் போன்றவை அல்ல அவை, உடுத்தத்தக்க துணி. அவற்றைப் பிரித்துத் தைப்பது சிற்றூர்களில் முன்பே இருந்த வழக்கம். மந்தம் அதனைப் பெருக்கியது. எனினும், பையில் அச்சிட்டிருந்த நிறுவனப் பெயர் எளிதில் போகவில்லை. தம் வறுமையை ஊரார் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாகாதே என்று பெண்கள் அஞ்சினர். துணியை மண்ணெண்ணெயில் ஊறவைத்தனர். கொழுப்பைத் தடவித் தேய்த்தனர். எழுத்து மறையும்வரை துவைத்தனர்.

இதனை வணிகர்கள் கண்டுகொண்டனர். பைகளில் பூக்களையும் கோடுகளையும் அச்சிட்டனர். பெயரை எளிதில் நீக்கத்தக்க தாளில் ஒட்டினர். இஃது இரக்கத்தால் மட்டும் செய்ததன்று. எந்தப் பையில் அழகிய பூ இருந்ததோ அந்த மாவே விற்றது. ஓர் ஆடைக்கு ஒரே பூவமைப்புள்ள பைகள் இரண்டு மூன்றேனும் தேவைப்பட்டன. ஆகவே, தீவனம் வாங்கச் செல்லும் கணவரிடம் மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்பிய மனைவியரும் இருந்தனர். வேண்டிய மூட்டை அடுக்கின் அடியில் இருந்துவிட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்!

பிற்காலத்தில் தாள்பைகள் மலிவாகக் கிடைத்தமையால் பருத்திப் பைகள் மறைந்தன. தீவனப்பையால் தைத்த ஆடை ஒன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.